மணலும் ஏடும்

கற்பலகையும் அச்சுப் புத்தகமும் நம் நாட்டிற் பரவுமுன்னர், திண்ணைப் பள்ளியிற் சேர்ந்த பிள்ளை முதன்முதலில் எழுதியது ஏட்டிலன்று; மணலிலேயாம். ஆசிரியர் பிள்ளையின் விரலைப் பற்றி மணலில் அகரம் வரைவித்தார். பிழைத்தபோது உள்ளங்கையால் ஒருமுறை தடவப் பிழை மறைந்தது. மணல் மீண்டும் தூய்தாயிற்று. இவ்வாறு நெடுநாட் பழகிக் கை உறுதிப்பட்ட பின்னரே எழுத்தாணியும் ஓலையும் பிள்ளையின் கைக்கு வந்தன. ஓலையிற் கீறிய கீறலை அழித்தல் இயலாது. கை நடுங்கின் ஓலை கிழியும். பிழை பொறுக்கும் இடத்திற் பழகி, அதன் பின்னர்ப் பிழை பொறா இடத்திற்குச் செல்லுதல் நம் முன்னோர் கண்ட கல்வி முறையாகும். இன்றும் விசயதசமி நாளிற் பச்சரிசியில் எழுதுவித்து ஏடு தொடக்குகின்றோம். அவ்வழக்கத்தின் உட்பொருளை மட்டும் மறந்துவிட்டோம் போலும்.

நிற்க. நம் கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வாண்டில், பழைய மாணவர்கள், சிறப்பாகக் கடல் கடந்து வாழ்வோர், தாம் பயின்ற கல்லூரிக்கு யாது கொடை வழங்கலாம் என ஆராய்ந்து வருகின்றனர். தலையில் அணிந்து பார்க்கும் மெய்ந்நிகர்க் கருவிகள் கொண்ட அறையொன்றை அமைத்தல் வேண்டும் என்பது அவருட் சிலர் கருத்து. அப்பணத்தைக் கொண்டு விஞ்ஞான ஆய்வுகூடத்தைச் செம்மை செய்யலாமே என்பது வேறு சிலர் கருத்து. தமிழாசிரியராகிய யாம் இதிற் புகுந்து கருத்துரைத்தல் மிகை எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் பயிற்சி என்பது எல்லா ஆசிரியர்க்கும் பொதுவான பொருள். ஆதலின் எம் கருத்தை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். தொட்டால் உயிருக்கு இடையூறு விளைப்பதற்கும், தொட இயலாத் தொலைவில் உள்ளதற்கும் பாவனைப் பயிற்சி வேண்டும். தொடக்கூடியதைத் தொட்டே பயிலல் வேண்டும். இவ்வெல்லையை வகுத்துக்கொண்டால் இரு சாராரும் முரண்பட வேண்டுவதில்லை.

முதலிற் சொல்லை நோக்குவோம். மெய்யை ஒத்தது மெய்ந்நிகர். மெய் என்னுஞ் சொல்லுக்கு உண்மை என்றும் உடம்பு என்றும் இருபொருள் உண்டு. இக்கருவியோ இரண்டனையும் தொடுகின்றது. கண்ணுக்கும் செவிக்கும் உண்மை போன்ற காட்சியைக் காட்டுகின்றது. தலையைத் திருப்பக் காட்சியும் உடன் திரும்புவதால், உடம்பும் தான் அவ்விடத்தே நிற்பதாக உணர்கின்றது. பாவனைப் பயிற்சி என்பது இதனினும் விரிந்தது. ஒரு செயலை, அதன் ஆபத்தும் பெருஞ்செலவும் நீங்க, செயற்கையாக அமைத்த சூழலிற் செய்து பார்த்தலே பாவனைப் பயிற்சி. அதற்குக் கணினி வேண்டுமென்பதில்லை. போலிப் பொருளும் திறந்த நிலமும் போதும். மெய்ந்நிகர் அதன் கிளைகளுள் ஒன்று. பாவனை என்னுஞ் சொல் நம் சமய நூல்களுக்கும் புதியதன்று. நஞ்சு தீர்ப்போன் தன்னைக் கருடனாகப் பாவித்து நஞ்சினை நீக்குவதைக் கருட பாவனை எனச் சைவ சித்தாந்த நூலார் உவமை கூறுவர். பாவித்தவன் கருடனாகி விடுவதில்லை. எனினும் பாவனை பயன் தருகின்றது. இவ்விரு கூற்றையும் ஒருங்கே நினைவிற் கொள்ளுதல் ஈண்டு வேண்டப்படும்.

மேனாட்டில் இம்முறை வளர்ந்த வரலாறு சுவையானது. ஐக்கிய அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், ஓகன் என்னும் இசைக்கருவி செய்யும் தம் தந்தையாரின் தொழிற்சாலையிற் பயின்றவர். அவ்விசைக்கருவிக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, நிலத்தில் நின்றவாறு சாய்ந்தும் நிமிர்ந்தும் திரும்பியும் விமானத்தைப் போல அசையும் பெட்டியொன்றை 1929 ஆம் ஆண்டளவில் அமைத்தார். தொடக்கத்தில் அதனைக் களியாட்ட விழாக்களின் விளையாட்டுப் பொருளாகவே பலர் கண்டனர். 1934 இல் அந்நாட்டு இராணுவ விமானிகள் தபால் சுமக்கும் பணியை மேற்கொண்டபோது, இருளிலும் பனியிலும் கருவிகளை நோக்கிப் பறக்கும் பயிற்சியின்மையாற் பத்துக்கு மேற்பட்டோர் சில வாரங்களுள் மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் அப்பெட்டிகளில் ஆறினை வாங்கியது. பயிற்சியின் அருமையைச் சாவு கற்பித்தது எனலாம். 1960 இல் நோர்வே நாட்டுப் பொம்மைத் தொழிலாளரான ஆஸ்மண்ட் லேர்டால், மூச்சு நின்றோரை உயிர்ப்பிக்கும் முறையைப் பழகுதற்கென ஆளளவான பொம்மையொன்றைச் செய்தார். இத்தகைய பொம்மையிலேயே இன்றும் உலகெங்கும் முதலுதவி பயிலுகின்றனர். 1970 ஏப்பிரலில் அப்பலோ 13 விண்கலத்தின் ஒட்சிசன் தாங்கி வெடித்து மூவர் உயிர் ஊசலாடியபோது, நிலத்திலிருந்த பாவனைக் கலத்தில் ஏனைய வீரர்கள் ஒவ்வொரு செயலையும் முன்னரே செய்து பார்த்து வழிகூற, மூவரும் நலமே மீண்டனர்.

தலையில் அணியும் காட்சிக் கருவியை 1968 இல் ஐவன் சதர்லாந்து என்னும் அறிஞர் அமைத்தார். அதன் பாரம் மிகுதியாதலின் அது கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டிருந்தது. இன்று அது கைப்பையில் அடங்கும் பொருளாயிற்று. அதன் பயனை அளந்தறிந்த ஆய்வுகளும் உள. 2002 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றிற் பயிற்சி வைத்தியர் 16 பேர் பங்குகொண்டனர். சிறு துளைவழியாகப் பித்தப்பையை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு வேண்டிய கைத்திறனை அவருட் பாதிப்பேர் முன்கூட்டியே மெய்ந்நிகர்க் கருவியிற் பழகினர். மற்றையோர் வழக்கமான முறையில் மட்டும் பயின்றனர். பின்னர் மெய்யான நோயாளர்க்குச் சிகிச்சை செய்தபோது, கருவியிற் பழகியோர் 29 வீதம் விரைவாகப் பிரித்தெடுத்தனர். பழகாதோர் பித்தப்பையைக் காயப்படுத்துதற்கோ, பிற தசையைச் சுடுதற்கோ இருந்த வாய்ப்பு ஐந்து மடங்காயிருந்தது. இவ்வாய்விற் கருத்தூன்ற வேண்டிய மற்றோர் உண்மையும் உண்டு. கருவியிற் பழகியோரும் இறுதியில் மூத்த வைத்தியரின் கண்காணிப்பில் மெய்யான உடலிலேயே சோதிக்கப்பட்டனர். கருவிக்குள் அவர் பெற்ற புள்ளியை மட்டும் இறுதித் தகுதியாகக் கொண்டிலர்.

இவையெல்லாம் பிறநாட்டுச் செய்திகள் என நம் மாணவர் எண்ணற்க. பாவனைப் பயிற்சியின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, தர்மபுரத்திலிருந்து பரந்தன் சந்தியை அடைந்து வடக்கே சென்றால் வரும் முகமாலை நிலத்திலேயே உள்ளது. போர் ஓய்ந்த பின்னர் நம் வன்னி மண்ணிற் புதையுண்டு கிடந்த கண்ணிவெடிகளை அகற்றிய கைகள் பெரும்பாலும் நம்மவர் கைகளே. ஹலோ ட்ரஸ்ட், மாக் ஆகிய நிறுவனங்கள் 2002 முதல் இலங்கையில் இப்பணியைச் செய்து வந்துள்ளன. உள்நாட்டு நிறுவனங்களும் பின்னர்ச் சேர்ந்தன. கணவரை இழந்து குடும்பச் சுமையைத் தாமே தாங்கிய பெண்கள் பலர் இத்தொழிலில் இறங்கினர். அவருட் சிலர் நம் மாணவரின் தாய்மார்.

அவர்கள் எவ்வாறு பயின்றனர் என்பதைக் கேட்டறிதல் ஆசிரியர் அனைவர்க்கும் நன்று. பயிற்சி நிலத்திற் செயலிழக்கச் செய்த வெடிகளையும் போலி வெடிகளையும் புதைத்து வைப்பர். பயில்வோர் கவசமும் முகமூடியும் அணிந்து, முழந்தாளிட்டு, உலோகங்காட்டுங் கருவியை ஒரு சீராக அசைத்து, ஒலியெழுந்த இடத்தை அடையாளமிட்டு, மண்ணைப் பக்கத்திலிருந்து சிறிது சிறிதாக அகற்றுவர். சில வெடிகளில் உள்ள உலோகம் மிகச் சிறிது. ஆதலின் கருவி மெல்ல முனகும் ஒலியையும் செவி பிரித்தறிதல் வேண்டும். பயிற்சி நிலத்திற் கை தவறினால் மேற்பார்வையாளர் நிறுத்தச் சொல்வார்; மீண்டும் செய்யச் சொல்வார்; அவ்வளவே. களத்திலோ இரண்டாம் முறை என்பது இல்லை. சோதனையில் தேறாதோர் களத்திற்கு அனுப்பப்படார். தேறிக் களஞ் சென்றோரும் நாடோறும் வேலை தொடங்குமுன் தம் கருவியை மாதிரிப் பொருளொன்றின்மேற் பிடித்து, அது ஒலிக்கின்றதா எனச் சோதித்துக் கொள்வர். அவர் துப்புரவாக்கிய நிலத்தைப் பிறர் மீளவும் சோதிப்பர். பயிற்சி, சோதனை, களம், மறுசோதனை என நான்கும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. ஒன்று மற்றொன்றின் இடத்தைக் கொள்வதில்லை. கல்லூரியிற் படித்த நம்மில் எத்தனை பேர் இத்துணை ஒழுங்காகப் பயிற்றப்பட்டோம் என யாம் எண்ணி நாணியதுண்டு.

கடலோர மக்களின் நிலையும் இத்தகையதே. 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை முல்லைத்தீவைக் கொள்ளைகொண்டபோது, கடல் உள்வாங்கினால் ஓடவேண்டும் என்னும் ஒருசிறு அறிவு நம் மக்களிடம் இருந்திலது. 2009 ஒக்டோபரிலிருந்து இந்து சமுத்திர நாடுகள், நிகழாத நிலநடுக்கமொன்றை நிகழ்ந்ததாகக் கொண்டு, எச்சரிக்கை அனுப்பியும் மக்களை வெளியேற்றியும் பார்க்கும் பாவனைப் பயிற்சிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தி வருகின்றன; இலங்கையும் அவற்றிற் பங்குகொள்கின்றது. அப்பயிற்சி நாளிற் சிரித்துக்கொண்டு நடக்கும் பிள்ளையின் கால்கள், ஒருநாள் அழுதுகொண்டு ஓடவேண்டி வந்தால் வழி தப்பமாட்டா.

இனிப் பாவனையின் குறையைக் கூறுவோம். இது எம் வாழ்க்கையிற் கண்டது. ஆசிரிய கலாசாலையிற் பயின்ற காலத்தில் யாம் நுண்கற்பித்தல் என்னும் முறையிற் பழகினோம். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் தோன்றிய முறை அது. பயிலும் ஆசிரியர் ஒருவர் சில நிமிடங்கள் மட்டும் பாடம் நடத்துவார். உடன் பயில்வோர் மாணாக்கராக அமர்வர். விரிவுரையாளர் பின்னாலிருந்து குறை நிறைகளைக் குறிப்பர். ‘எனது தந்தை’ என்னுங் கட்டுரைப் பாடத்தை யாம் நடத்தி மிக்க பாராட்டுப் பெற்றோம். வினாக்கள் செவ்வன் அமைந்தன எனவும், கரும்பலகை எழுத்து அழகியது எனவும் குறிப்பேட்டில் எழுதப்பட்டது. 2010 இல் மக்கள் மீளக் குடியமர்ந்தபோது, தறப்பாட் கூரையின் கீழ் அமர்ந்திருந்த பிள்ளைகளுக்கு அதே பாடத்தை அதே வினாக்களோடு நடத்தினோம். எல்லாரும் எழுதினர். சிறுவன் ஒருவன் மட்டும், தலைப்பை அழகுற எழுதி, அளவுகோலால் அடிக்கோடிட்டு, எஞ்சிய தாளை வெறுமையாகத் தந்தான். யாம் யாதும் கேட்டிலேம். மறுநாள் தலைப்பை மாற்றினோம்.

கலாசாலையிற் பெற்ற பயிற்சி வீண் என்பதன்று எம் கருத்து. அஃதின்றேல் குரலெழுப்பவும் கரும்பலகை முன் நிற்கவும் யாம் அறிந்திரேம். ஆயினும் மாணாக்கராக நடித்த எம் நண்பருள் எவரும் அச்சிறுவனாக நடித்திலர், நடிக்கத் தோன்றவுமில்லை. பாவனையை அமைப்போர் அறிந்தவை மட்டுமே பாவனையில் இருக்கும். அவர் அறியாதது களத்திற் காத்திருக்கும். ஆதலாற் பாவனையிற் பயில்வோன் முதலிற் கேட்க வேண்டிய வினா, இதில் விடுபட்டது யாது என்பதாகும்.

ஆராய்ச்சியிலும் நிலை இதுவே. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் நெதர்லாந்து அறிஞரும் சேர்ந்து, நெற்பயிரின் வளர்ச்சியைக் கணினியிற் கணிக்கும் ஒறைசா என்னும் மாதிரியை உருவாக்கினர். நாள்தோறும் பெறும் வெயில், வெப்பம், மழை, மண்ணின் தன்மை, நெல்லின் இனம், இட்ட உரம் ஆகியவற்றை உள்ளிட்டால் விளைச்சலை அது கணித்துக் கூறும். வயலில் ஒரு போகம் காத்திருந்து அறிவதைச் சில நிமிடங்களில் நூறு வகையாகப் பார்க்கலாம். மழை பிந்தினால் யாது, விதைப்பை இருவாரம் தள்ளினால் யாது என வினவலாம். எனினும் உள்ளிட்ட மண் நம் மண்ணன்றெனின், வரும் விடையும் நம் விளைச்சலன்று. முதலில் வயலில் அளந்தே மாதிரியைத் திருத்தல் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இன்று நம் அருகில் இருப்பது நற்பேறு. இத்தகைய மாதிரிகளை நம் உயர்தர மாணவர்க்கு அறிமுகஞ் செய்விக்க அவற்றின் துணையை நாடலாம்.

மற்றுமோர் எச்சரிக்கை நமக்கே உரியது. வெடியொலி கேட்டால் இன்றும் திடுக்கிடும் பெற்றோர் நம் ஊரில் உளர். அவர் மடியில் வளர்ந்த பிள்ளைகள் நம் வகுப்பில் உளர். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், வியட்நாம் போரால் உளம் நொந்த வீரர்க்கு அப்போர்க்களத்தையே மெய்ந்நிகர்க் காட்சியாகக் காட்டி வைத்தியஞ் செய்தனர். ஆனால், அது பயிற்சி பெற்ற உளவைத்தியர் பக்கத்திலிருந்து, சிறிது சிறிதாக, நோயாளர் இசைவோடு செய்தது. அதே காட்சியை ஒரு பிள்ளையின் தலையில் விளையாட்டாக மாட்டிவிடுதல் தகாது. ஆகவே எக்காட்சியையும் ஆசிரியர் முதலில் தாமே அணிந்து முற்றாகப் பார்த்தல் வேண்டும். சிலருக்குக் கருவியால் தலைச்சுற்றும் குமட்டலும் உண்டாகும், அவர்களைக் கட்டாயப்படுத்தலாகாது. சிறு பிள்ளைகளுக்குக் கருவி செய்வோரே வயதெல்லை வகுத்துள்ளனர், அதனையும் மீறலாகாது.

இனி நம் கல்லூரிக்கு யாம் வேண்டுவன யாவை? உயர் மின்னழுத்தத்தின் ஆபத்து, நச்சு வாயுவின் இயல்பு, வீதி விபத்து, தீயணைத்தல் ஆகியன தொட்டாற் கொல்வன. இவற்றைப் பாவனையிற் பயிற்றுக. இதயத்தின் உள்ளறை, அணுவின் அமைப்பு, பிற கோள்களின் நிலம் ஆகியன எட்டாதன. இவற்றையும் கருவியிற் காட்டுக. தமிழ் பாடத்திற்கும் இதிற் பங்குண்டு. 1010 இல் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயிலை நேரிற் காண நம் மாணவருட் பலர்க்குப் பொருள்வசதி இல்லை. அக்கோயிலின் உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கும் காட்சி கிட்டுமாயின், யாம் நாற்பது நிமிடம் விளக்கியும் விளங்காதது ஒரு கணத்தில் விளங்கும். ஆனால், நெத்தலியாற்றின் நீரைக் காண எக்கருவியும் வேண்டாம். இரணைமடுக் குளத்தின் துருசும், வயலிற் பால்கட்டும் கதிரும், ஆய்வுகூடத்தில் நிறமாறும் கரைசலும் கைக்கெட்டுவன. இவற்றைத் திரையிற் காட்டி முடித்தல் மாணவனை ஏமாற்றுதலாகும். ஆதலால் ஆய்வுகூடம் முதலிற் செம்மையாகுக. அதன் பின்னர், அல்லது அதனோடு ஒருங்கே, மெய்ந்நிகர் அறை அமைக. கருவிகள் பல வேண்டா. ஒரு வகுப்பு முறைவைத்துப் பயன்படுத்தச் சிலவே போதும். அவை பழுதுறின் திருத்துதற்கும், அவற்றை இயக்கும் ஆசிரியரைப் பயிற்றுதற்கும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்குக. திருத்துவாரின்றிப் பூட்டிய அறையிற் கருவிகள் தூசி படிவதனை நாம் வேண்டோம்.

சோதனை பற்றியும் ஒரு சொல். கருவி மாணவனின் ஒவ்வோர் அசைவையும் பதிந்து வைக்கும். அப்பதிவு அவன் எங்கே தடுமாறினான் என ஆசிரியர் அறிதற்கே உதவுக. அதனைத் தரப்படுத்திச் சுவரில் ஒட்டினால், மாணவன் பிழைக்க அஞ்சுவான். பிழைக்க அஞ்சும் இடம் பயிற்சியிடமாகாது. மணல் அங்கே ஏடாகிவிடும்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கு எம் சிறப்பு வேண்டுகோள் ஒன்றுண்டு. இக்கருவிகளில் வரும் பாடங்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன. தர்மபுரத்துப் பிள்ளை இதயத்தினுள் நின்று காணும்போது, அதனை விளக்குங் குரல் தமிழாயிருத்தல் வேண்டாமா? நம் பழைய மாணவருட் கணினி வல்லார் பலர் உளர். அவர் பணத்தோடு தம் அறிவையும் சிறிது அனுப்புவாராக. இங்குள்ள ஆசிரியர் பாடத்தை எழுதித் தருவோம். சொற்களைத் தமிழிற் செப்பஞ் செய்து தருவோம். பிள்ளைகளுக்கு விளங்கியதா எனச் சோதித்துக் கூறுவோம். ஆண்டுக்கு ஒரு பாடம் ஆயினும் அமைக. அது கடையில் வாங்கிய கருவியினும் நெடிது நிலைக்குங் கொடையாகும்.

மணலும் ஏடும் இரண்டும் வேண்டும். மணலைப் பழித்து நேரே ஏட்டில் எழுதப் புகுந்தோன் ஓலையைக் கிழிப்பான். மணலிலேயே காலங் கழித்தோனுக்கு எழுதியது ஒன்றும் எஞ்சாது. நம் கல்லூரி தன் மாணவர்க்கு இரண்டினையும் முறையே வழங்கி, இன்னும் பல விழாக்களைக் கண்டு வாழ்வதாக!

தமிழாசிரியர், தர்மபுரம்